பதிவேட்டில் வராத அண்ணி

பெரியம்மாவோடு அவள் பேசியவற்றில் முன்பின் மாறாமல் முழுதாக நினைவில் நிற்பது ஒரே ஒரு பேச்சுதான். அப்பாவின் லாண்டரியில், துணி மடிக்கும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசியது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே நீராவி. ஓட்டல் விரிப்புகள் ஒரு பக்கமும் ஆஸ்பத்திரி விரிப்புகள் ஒரு பக்கமும் குவிந்து கிடந்தன.

பெரியம்மாதான் ஆரம்பித்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றாள். பொய் சொல்லாதே, உதடு காய்ந்து கிடக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, முன்னறையில் அப்பாவோடு உட்கார்ந்து கோப்புகளைப் புரட்டுகிற கண்ணாடிக்கார அம்மாள் யாரென்று கேட்டார். என் சீனியர், வக்கீல் என்றாள். யார் மேல் கேஸ் என்றார் பெரியம்மா. கேஸ் ஒன்றும் இல்லை, கேஸ் வரக் கூடாது என்பதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்று அவள் விளக்கினாள். லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டதா, வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது, பாய்லரைச் சோதித்துச் சான்று வாங்கியிருக்கிறார்களா, வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பதிவில் இருக்கிறார்களா என்று வருஷத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து பார்ப்பது. சட்டத் தணிக்கை என்று அதற்குப் பெயர்.

பெரியம்மா ஒரு விரிப்பின் இரண்டு மூலைகளை அவளிடம் நீட்டினார். இருவரும் இழுத்துப் பிடித்தார்கள், கிட்டே வந்தார்கள், மடித்தார்கள், விலகினார்கள்.

"அப்ப, உடம்பு நல்லா இருக்கும்போதே டாக்டர்கிட்ட போற மாதிரி."

"அதே மாதிரிதான் பெரியம்மா."

"உங்கப்பா காய்ச்சல்ல கிடந்தாலே டாக்டர்கிட்ட போக மாட்டாரே. இதுக்கு எப்படி ஒத்துக்கிட்டார்?"

நான் கேட்டேன், சரி என்று சொல்லிவிட்டார் என்றாள். பெற்ற பெண் கேட்டால் உருகிவிடுவார் என்றார் பெரியம்மா. அதற்குப் பிறகுதான் அவள், சீனியர் கேட்டு வரச் சொன்னதைக் கேட்டாள். "உங்க பேரையும் ரிஜிஸ்டர்ல எழுதிடலாமா பெரியம்மா? நீங்களும் அடிக்கடி வர்றீங்க, மடிக்கிறீங்க."

பெரியம்மா அந்த விரிப்பைக் கடைசி மடிப்பு வரை மடித்து, அடுக்கின் மேல் வைத்து, உள்ளங்கையால் ஒரு முறை தடவினார்.

"எந்த ரிஜிஸ்டர்ல?"

"இங்க வேலை செய்றவங்க ரிஜிஸ்டர்ல."

"அந்தப் பொண்ணுங்க பேரெல்லாம் இருக்கறதுலயா?"

"ஆமா."

"நான் என்ன இங்க வேலைக்கா வர்றேன்?"

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் வருகிறேன், கை சும்மா இருக்காதே என்று நாலு துணி மடிக்கிறேன் என்றார் பெரியம்மா. "புருஷன் போனதும் கொழுந்தன்கிட்ட கூலிக்கு நிக்கிறாள்னு நாலு பேர் பேசறது போதாதா? அதை எழுத்துல வேற எழுதி வைக்கணுமா?"

கூலி என்று அர்த்தமில்லை, நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் காப்பீடு இருக்கும் என்று அவள் ஆரம்பித்தாள். பெரியம்மா முடிக்க விடவில்லை. "என்ன ஆகிடும், இந்த விரிப்பு என்னைக் கடிச்சிடுமா?" துவைக்கும் பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். போய்ச் சொல்லு, அண்ணி இங்கே வேலைக்காரி இல்லையாம் என்று பெரியம்மா அனுப்பிவைத்தார். அவள் முன்னறைக்குப் போய் அப்படியே சொன்னாள். சீனியர் கண்ணாடியைக் கழற்றி, கதவு வழியே பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குடும்ப உறுப்பினர், அவ்வப்போது உதவுகிறார் என்று எழுதினார். அன்றைக்கு அது உண்மையும்கூட.

பெரியம்மா அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தபோது அப்பா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். மாமியார் இல்லாத வீடு. கொழுந்தனுக்குச் சட்டைப் பித்தான் தைத்து, பரீட்சைக்கு எழுப்பிவிட்டு, பின்னால் அவருக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் அண்ணிதான். பெரியப்பா லாரி ஓட்டினார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். மீதி நாள் தூங்குவார். அவருக்கும் பெரியம்மாவுக்கும் சண்டை வந்ததை யாரும் பார்த்ததில்லை. சண்டை போட ஆள் விழித்திருக்க வேண்டாமா என்று பெரியம்மா சொல்வார். குழந்தை இல்லை. பெரியப்பா நோயில் போன பிறகு பெரியம்மா தன் வீட்டைக் காலி செய்துகொண்டு கொழுந்தன் வீட்டின் பின்னறைக்கு வந்தார். இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின், சுவரில் மாட்ட ஒரு படம்.

அப்பா அவரை எப்படி வைத்திருந்தார் என்று கேட்டால், ஒரு குறையும் சொல்ல முடியாது. வீட்டுச் சாவி அவரிடம்தான் இருந்தது. என்ன வாங்கினாலும் முதலில் அவரிடம் காட்டுவார்கள். பெரியம்மா மட்டும் ஒன்றில் பிடிவாதமாக இருந்தார். கையில் பணம் வாங்க மாட்டார். ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வார், அம்மா வாங்கி வருவார். மாதம் பிறந்தால் மற்றவர்களோடு சம்பள வரிசையில் நிற்காதவரை அவர் அந்த இடத்துக்குச் சொந்தக்காரர்களில் ஒருவர். அந்தக் கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது.

லாண்டரியில் எல்லோருக்கும் அவர் அண்ணி. அவரைவிட மூத்தவரான பாய்லர்காரர் அண்ணி என்றார். வண்டி ஓட்டுகிறவர் அண்ணி என்றார். துவைக்கிற பெண்கள் அண்ணி என்றார்கள். ஓட்டல் ஸ்டோர்காரர் போனில் அப்பா எடுத்தால்கூட, அண்ணியிடம் கொடுங்கள் என்பார். உங்கள் ஓட்டலில் சாப்பிடுகிறார்களா, இல்லை விரிப்பில் கை துடைக்க மட்டும் வருகிறார்களா என்று அவரைப் பெரியம்மா கேட்பார். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை.

மறு வருஷம் சீனியர் அவளிடம் நினைவுபடுத்தினார். அவள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் சொன்னாள். அப்பா சிரித்தார். முதல் தடவை கண்டுபிடித்ததையெல்லாம் அவர் ஒழுங்காகச் சரிசெய்திருந்தார். பின்வாசலை அடைத்துக்கொண்டு நின்ற தள்ளுவண்டிகளை எடுத்துவிட்டார். பாய்லர் சான்றைப் புதுப்பித்துக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார். அதற்குள் என்ன மாறிவிடப் போகிறது என்று கேட்டார். "நீ வர்ற வரைக்கும் எனக்கு ஒரு வியாதியும் இல்ல, வக்கீலம்மா."

அவள் வற்புறுத்தவில்லை. ஒன்றை ஒரு தடவை சொல்வாள், அதோடு சரி. இவளுக்கு ரெண்டு பாஷை தெரியும், ரெண்டிலும் வாயைத் திறக்க மாட்டாள் என்று அம்மா சொல்வார். வேற்று மொழி பேசும் ஊரில், வீட்டில் ஒரு மொழி, பள்ளியிலும் அலுவலகத்திலும் இன்னொன்று என்று வளர்ந்தவள். எந்த இடத்திலும் தேவைக்கு மேல் ஒரு சொல் வராது.

அப்பா வேண்டாம் என்கிறார் என்றபோது சீனியர் கோபப்படவில்லை. "கட்டடம் அப்படியேதான் இருக்கும். உள்ள இருக்கற ஆளும் மெஷினும் மாறிக்கிட்டே இருக்கும். நாம போன தடவை எழுதினது போன தடவைக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு வேறு கோப்பை எடுத்தார்.

மாறத்தான் செய்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் துணிகள் முழுவதும் அப்பாவுக்கு வந்தன. அதற்காகப் புது இஸ்திரி ரோலர் வாங்கினார். ஆள் உயரத்துக்கு மேல் நீளம். இரண்டு உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பின் ஓரத்தைக் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து சமனாக வந்து விழும். கொடுக்கிற பக்கத்தில் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். ரோலரில் நிற்பதற்கென்று ஒரு பெண்ணைப் பழக்கினார்கள். சில மாதங்களில் அந்தப் பெண், கணவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்ததால் போய்விட்டாள். ஆள் கிடைக்கும்வரை நான் நிற்கிறேன் என்றார் பெரியம்மா.

ஆள் தேடவில்லை என்று சொல்ல முடியாது. கொஞ்ச நாள் தேடினார்கள். பிறகு தேடியதை மறந்தார்கள். மடிக்கும் மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள், அவள் பெயர் பதிவேட்டில் ஏறியது. ரோலர் முன் பெரியம்மா நின்றார். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, துணி தீர்ந்த பிறகு போனார். இப்படி என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. வீட்டில் ஒரு நாற்காலி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து அங்கேயே நின்றுவிடுவது போல அது நடந்தது.

ஆஸ்பத்திரி விரிப்புகளின் ஓரத் தையல் தடிமனாக இருந்தது. அது போகும்போதெல்லாம் தடுப்புக் கம்பியில் இடித்து இயந்திரம் நின்றது. நின்றால், உள்ளே மாட்டிய துணி சூட்டில் பழுப்பேறியது. பெரியம்மா பழைய விரிப்பு ஒன்றைக் கிழித்து, அந்தக் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டார். அதன் பிறகு இயந்திரம் நிற்கவில்லை.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பாய்லர்காரர் ஒரு நாள் சொல்லவும் செய்தார். உங்கள் பாய்லரை நீங்கள் பாருங்கள், அது வெடித்தால் எனக்கும் சேர்த்துத்தான் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். அப்பாவும் பார்த்தார். துவைக்கிற பெண்களில் ஒருத்தி கட்டியிருந்தால் அந்த நிமிஷமே அவிழ்க்கச் சொல்லி, இன்னொரு தடவை கட்டினால் வீட்டுக்குப் போ என்றிருப்பார். பரீட்சைக்கு எழுப்பிவிட்ட அண்ணியிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "பாத்துக்கங்க அண்ணி" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றார் அண்ணி.

இதெல்லாம் முடிந்துவிட்ட இப்போது, அவள் எந்த நிறுவனத்துக்குத் தணிக்கைக்குப் போனாலும் முன்னறையில் உட்காருவதில்லை. முதலில் பின்பக்கம் போகிறாள். எந்த இயந்திரத்தின் முன் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறாள். பேக்கரியில் மாவு பிசையும் மெஷினருகே நிற்பவர் முதலாளியின் மச்சான். அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவர் தம்பி மாதிரி. மரக்கடையில் ரம்பத்தின் முன் இருப்பவர் சித்தப்பா. இவங்க நம்ம வீட்டு ஆளு என்று யாராவது சொன்னால், அவள் அந்த இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறாள். போன வருஷம் இதே வார்த்தையை இங்கே கேட்டோமா என்று பழைய குறிப்பைப் பார்க்கிறாள்.

ரோலரில் விபத்து நடந்தபோது அவள் அலுவலகத்தில் வேறு ஒரு நிறுவனத்தின் வாடகை ஒப்பந்தத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா போன் செய்தார். பெரியம்மாவுக்குக் கையில் அடிபட்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வா என்றார். எந்தக் கை என்று அவள் கேட்டாள். ஏன் அதைக் கேட்டாள் என்று தெரியவில்லை. வலது கை என்றார் அம்மா. அவள் படித்துக்கொண்டிருந்த பத்தியை முடித்து, பக்கத்தில் அடையாளம் வைத்துவிட்டு எழுந்தாள்.

மற்றவர்கள் சொல்லித்தான் நடந்தது தெரியும். விரிப்பின் ஓரம் சுருண்டு போனது. அதை நீவிவிடக் கையை நீட்டினார். உருளை பிடித்துக்கொண்டது. பாய்லர்காரர் ஓடி வந்து மின்சாரத்தை அணைத்தார். பெரியம்மா கத்தவில்லையாம். அணைச்சாச்சா, அணைச்சாச்சா என்று மட்டும் கேட்டாராம்.

எங்கே நடந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது அப்பா, வீட்டில் என்று சொல்லிவிட்டார். திட்டம் போட்டுச் சொன்ன பொய்யாக அவளுக்குத் தோன்றவில்லை. அண்ணியைப் பற்றி யார் கேட்டாலும் வீட்டில் இருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். மருத்துவர் கையைப் பார்த்தார். நசுங்கலும் சூட்டுக் காயமும் நேர்கோட்டில் இருந்தன. வீட்டில் இவ்வளவு பெரிய இஸ்திரிப் பெட்டி வைத்திருக்கிறீர்களா என்று அலுவலக மொழியில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எதையோ எழுதினார்.

விரல்களில் சிலவற்றை எடுக்க வேண்டியிருந்தது. மிச்சமிருந்ததில் உணர்ச்சி வராது என்றார்கள். பெரியம்மா வீட்டுக்கு வந்த பிறகு பின்னறைக் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் கிடந்த கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாரோ கொஞ்சம் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல இருக்கும். வலிக்கிறதா என்று கேட்டால், தெரியவில்லையே என்பார். வீட்டில் யாரும் அழவில்லை. அம்மா காலையும் மாலையும் அவருக்குத் தலை வாரிவிட்டார். அப்பா லாண்டரிக்குப் போனார், வந்தார். ரோலர் நின்றிருந்தது.

ஆஸ்பத்திரி எழுதியதைப் பார்த்துத் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். இளைஞர், மரியாதையானவர், தமிழ் தெரியாது. லாண்டரியில் ஓரளவு அலுவலக மொழி தெரிந்தவர்களிடம், இந்த ரோலரில் வேலை செய்வது யார் என்று கேட்டார். அண்ணி என்றார் பாய்லர்காரர். அண்ணி என்றார் வண்டி ஓட்டுகிறவர். அண்ணி என்றார்கள் பெண்கள். அவர் பதிவேட்டை எடுத்து அந்தப் பெயரைத் தேடினார். கிடைக்காமல், எப்படி எழுத வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார். அது பெயரில்லை, உறவு என்றார் அப்பா. யாருக்கு உறவு? எனக்கு. என் அண்ணன் மனைவி. அப்படியானால் இவர்கள் எல்லோருக்கும்? ஆய்வாளர் கட்டப்பட்டிருந்த கம்பியைப் படம் எடுத்தார். அதை யார் கட்டியது என்று கேட்டார். அதற்கு மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

விசாரணைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. சீனியர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எடுத்துச் சொன்னார். பெரியம்மா தன்னை வீட்டு ஆள் என்று சொன்னால், வீட்டார் ஒருவர் தன் இஷ்டத்துக்கு உதவப் போய்க் காயப்பட்டார் என்று கோப்பு முடிந்துவிடும். அவருக்குச் சேர வேண்டியது என்று எதுவும் இருக்காது. இனி மருத்துவமோ பிழைப்போ, கொழுந்தன் பார்த்துக்கொண்டால் உண்டு. வேலை செய்தேன் என்று சொன்னால், சம்பளம் வாங்காவிட்டாலும் முதலாளி வீட்டில் தங்க இடமும் சாப்பாடும் பெற்று, வேலை நேரம் முழுவதும் உழைத்தவர் தொழிலாளிதான். கை போனதற்குக் காலம் முழுவதும் உதவித்தொகை அவர் உரிமை. ஆனால் பதியாத தொழிலாளி, பாதுகாப்பில்லாத இயந்திரம், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய் என்று மூன்றும் அப்பாவின் தலையில் விழும். ரோலர் பகுதியை மூடச் சொல்லலாம். ஆஸ்பத்திரித் துணி கைவிட்டுப் போகலாம்.

"ரெண்டு வழியையும் அவங்ககிட்ட விளக்கிடு. எதை எடுக்கணும்னு மட்டும் நீ சொல்லக் கூடாது" என்றார் சீனியர். தொழிலாளர் அலுவலகத்துக்கு அன்றைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. குடும்பத்தில் இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த யாராவது வரலாம், பதிவைப் பின்னால் சரிபார்த்துக்கொள்வோம் என்றிருந்தார்கள். அப்படித் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். "அங்க நீ என் ஜூனியர் இல்ல, அவருக்குப் பொண்ணும் இல்ல. வெறும் வாய்" என்றார் சீனியர்.

அன்று சாயங்காலம் அவள் பின்னறைக்குப் போனாள். பெரியம்மாவின் ரவிக்கைக் கொக்கியை அம்மா சரியாக மாட்டாமல் விட்டிருந்தார். அதை மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து இரண்டு வழிகளையும் சொன்னாள். சட்டச் சொல் ஒன்றுகூட இல்லாமல் சொன்னாள். அவள் முடித்த பிறகு பெரியம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

"வேலை பார்த்தேன்னு சொல்லிட்டா, அப்புறம் இந்த வீட்ல நான் யாரு?"

அவள் யோசித்தாள். படித்த எதிலும் அதற்குப் பதில் இல்லை.

"தெரியல பெரியம்மா."

"ம்" என்றார் பெரியம்மா. பிறகு விளக்கைப் போடச் சொன்னார்.

அப்பா அவளிடம் பேசியது விசாரணை நாளன்று காலையில், காரை வெளியே எடுக்கும்போது. பெரியம்மா இன்னும் வந்து ஏறியிருக்கவில்லை. அண்ணியை நான் கைவிடுவேனா என்று முதலில் கேட்டார். விட மாட்டார் என்று அவளுக்கும் தெரியும். அந்த வீட்டில் யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. பிறகு, ரோலரை மூடினால் எத்தனை பெண்கள் வேலையில்லாமல் போவார்கள் என்று சொன்னார். அதுவும் உண்மைதான். கண்ணாடியில் அவளைப் பார்க்காமல், கடைசியாகச் சொன்னார். "அவங்க பேசறது அந்த ஆளுக்குப் புரியப் போறதில்ல. நீ சொல்றதுதான் அவர் காதுல விழும். கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அப்பா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறாள்.

தொழிலாளர் அலுவலகம் மேல்மாடியில் இருந்தது. நீளமான நடைகூடம், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். அப்பா தண்ணீர் இயந்திரத்தருகே நின்று, குடிக்காமல் காகிதக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா நல்ல புடவை உடுத்தியிருந்தார். கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் மறைக்கவில்லை, வெளியே வைத்திருந்தார். பக்கத்து நாற்காலியைத் தட்டி அவளை உட்காரச் சொன்னார்.

சாதாரணக் குரலில் பேசினார். இன்றைக்கு என்ன சமையல் என்று சொல்வது போல.

"உள்ள கேட்டாங்கன்னா மூணு விஷயம் சொல்லப் போறேன். அங்க வேலை பார்த்தேன்னு சொல்லுவேன். என் பேரை எழுத வேணாம்னு சொன்னது நான்தான்னு சொல்லுவேன். அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டினதும் நான்தான்னு சொல்லுவேன்."

கடைசியாகச் சொன்னது வேண்டாம் என்றாள் அவள். அவர்களுக்கு அது யாரென்று தெரியாது, நேராகக் கேட்டால் ஒழிய நீங்களாகச் சொல்லத் தேவையில்லை, சொன்னால் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது குறைந்துபோகலாம் என்று அவசரமாகச் சொன்னாள். வாழ்நாளில் பெரியம்மாவிடம் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

"அதுக்குத்தான் இப்பவே சொல்றேன்" என்றார் பெரியம்மா. "முதல்ல சொல்றதை முழுங்கச் சொல்லி உங்கப்பா உன்கிட்ட கேட்டிருப்பார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியுது. கடைசியா சொல்றதை யாரும் சொல்லாமலே நீ முழுங்கிடுவ. உன்னை எனக்குத் தெரியாதா? அவருக்கு ஒண்ணைக் குறைச்சு, எனக்கு ஒண்ணைக் குறைச்சா, அங்க நின்னது யாரோ வேற ஒருத்தி ஆயிடுவா."

உள்ளே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ஊழியர் ஒருவர் கையிலிருந்த தாளைப் பார்த்துப் பெரியம்மாவின் முழுப் பெயரைத் தட்டுத் தடுமாறிப் படித்தார். தண்ணீர் இயந்திரத்தருகே அப்பா நிமிர்ந்து பார்த்தார். பெரியம்மா எழுவதற்கு இடது கையை அவள் தோளில் ஊன்றினார். ஊன்றியபடியே, எழாமல், அவள் காதருகே குனிந்தார்.

"மூணையும் சொல்லு. நான் சொல்ற வரிசையிலயே சொல்லு. உனக்கு நல்லதுன்னு பட்டதைச் சொல்லாத, நான் சொன்னதைச் சொல்லு. இந்த ஒண்ணுதான் உன்கிட்ட கேக்கறேன்."